கலைக்கூடக் காவலர் தேற்றம்: செமினாரில் எதைச் சொல்வது, எதை விடுவது?

மூன்றாம்வருடம்_கொழும்பு
வணக்கம். கோட்பாட்டுக் கணினியியல் செமினாரில் எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரு மண்டபத்தின் உச்சிகளை எண்ணி மூன்றால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால், மண்டபம் முழுவதையும் நின்ற இடத்திலிருந்தே பார்க்க அத்தனை காவலர் போதும் என்ற தேற்றம்தான் தலைப்பு. 1973இல் விக்டர் கிளீ கேட்ட கேள்வி, 1975இல் வாட்ஸ்லாவ் ஹ்வாட்டால் என்பவர் அதை நிறுவினார். 1978இல் ஸ்டீவ் ஃபிஸ்க் எழுதிய நிறுவல் ஒரே பக்கம்: மண்டபத்தின் தரைப்படமான பல்கோணியை முக்கோணிகளாகப் பிரி, ஒவ்வொரு முக்கோணியின் மூன்று உச்சிக்கும் வேறு வேறு நிறம் வருமாறு உச்சிகளுக்கு மூன்று நிறம் கொடு, குறைவாக வந்த நிறத்தில் காவலரை நிறுத்து. நடுவில் உள்ள படிதான் எனக்கு நெருடுகிறது. மூன்று நிறம் எப்போதும் போதும் என்று எப்படிச் சொல்வது? புதிய முடிவுகளையும் ஸ்லைடில் போடட்டுமா?

பல்கோணி_அண்ணா
தங்கச்சி, அந்த நடுப் படிதான் உங்கள் செமினாரே. அதற்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள்.

ஏதாவது ஒரு முக்கோணியில் தொடங்கி சிவப்பு, நீலம், பச்சை என்று கொடுங்கள். பக்கத்து முக்கோணிக்கும் அதற்கும் ஒரு மூலைவிட்டம் பொது. அதன் இரண்டு முனைக்கும் நிறம் வந்தாயிற்று, மூன்றாவது உச்சிக்கு மிச்சம் ஒரே நிறம். இப்படியே போகலாம். நிறம் மோத வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு பழைய முக்கோணிக்கே திரும்பி வரவேண்டும். வரமுடியாது: எந்த மூலைவிட்டத்தில் வெட்டினாலும் பல்கோணி இரண்டு துண்டாகிவிடும், அதைக் கடக்காமல் மற்றப் பக்கம் போக வழியே இல்லை.

ஸ்லைட் வேண்டாம், மூன்று நிற மார்க்கர் கொண்டுபோய் பலகையில் கீறுங்கள். 12 உச்சியுள்ள சீப்பு வடிவம், நாலு பல். ஒவ்வொரு பல்லின் நுனிக்கும் தனிக் காவலர் வேண்டும், ஆகவே நாலுக்குக் குறையாது. நிறம் தீட்டிப் பாருங்கள், ஒவ்வொரு நிறமும் சரியாக நாலு தரம் வரும். அந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், எனக்கு நிச்சயம்.

கறுவாத்தோட்டம்
எங்கள் நூதனசாலை போல நடுவில் தூண்கள் நின்றால்?

பல்கோணி_அண்ணா
நல்ல கேள்வி, சபையிலும் வரும். தூணைச் சுற்றி வந்து பழைய முக்கோணிக்கே திரும்பலாம் அல்லவா, அதனால் மேலே சொன்ன வாதம் அங்கே உடைகிறது. தூண்களின் உச்சிகளையும் சேர்த்து எண்ணி, தூண்களின் எண்ணிக்கையையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். 1990களில் நிறுவினார்கள். நிறுவல் கடினம், முடிவை மட்டும் சொல்லுங்கள்.

புதியவற்றில் ஒன்றே ஒன்று எடுங்கள்: 2017இல் வந்த பல்கோணி. அதன் உச்சிகளின் ஆள்கூறுகள் எல்லாம் முழு எண்கள், மூன்று காவலர் போதும், ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தை விகிதமுறா எண்ணால்தான், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுதமுடியாத எண்ணால்தான், எழுதமுடியும். விகிதமுறு புள்ளிகளில் மட்டும் நிறுத்தினால் நாலு பேர் வேண்டும். எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத முடிவு அது.

மூன்றாம்வருடம்_கொழும்பு
மிக்க நன்றி அண்ணா. முக்கோணிகளாகப் பிரிக்க எப்போதும் முடியும் என்பதையும் நிறுவ வேண்டுமா?

பல்கோணி_அண்ணா
வேண்டாம், முடியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போங்கள். ஆனால் நிறுவலைத் தாளில் எழுதி வைத்திருங்கள், விரிவுரையாளர் கட்டாயம் கேட்பார்.