கலைச்சொல் விவாதம்: மேடை இசைநாடகத்தைப் படமெடுத்து வெளியிட்டால் அதற்கு என்ன பெயர்?

அனுப்புநர்: கயல்விழி

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல் வேண்டும். மேடையில் ஓடிக்கொண்டிருக்கும் இசைநாடகத்தை அதே நடிகர்கள், அதே அரங்க அமைப்போடு பல கேமரா வைத்துப் படம்பிடித்து, வெட்டிச் சேர்த்து வெளியிடுகிறார்கள். ஆங்கில ரசிகர்கள் இதைப் புரோஷாட் என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் 'நேரடி நாடகம்', 'நாடகத் திரைப்படம்', 'மேடை நிகழ்ச்சி' என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். படிப்பவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பதை இவற்றில் ஒன்றும் சொல்வதில்லை.

லே மிசரபிள் என்ற இசைநாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரி படமாக்கப்பட்டது. அதில் நடிகர்கள் வேடத்தோடு மைக் முன்னால் நின்று பாடுகிறார்கள். 2012-ல் வந்தது முழுத் திரைப்படம். இரண்டையும் திரையில்தான் பார்க்கிறோம், இரண்டிலும் பாட்டு பெரும்பாலும் அதேதான். ஆனால் நான் பெயர் தேடுவது இந்த இரண்டுக்கும் அல்ல. முழு நாடகமாக மேடையில் நடந்ததை அப்படியே எடுத்த மூன்றாவது வகைக்கு.

என் முன்மொழிவு: அரங்கப்பதிவு. அரங்கு இடத்தைச் சொல்கிறது, பதிவு செயலைச் சொல்கிறது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கயல்விழி

---

அனுப்புநர்: அன்பழகன்

> என் முன்மொழிவு: அரங்கப்பதிவு.

அரங்கப்பதிவு என்றதும் மனத்தில் முதலில் வருவது ஹால் புக்கிங். முன்பதிவு, பத்திரப்பதிவு, வலைப்பதிவு என்று 'பதிவு' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. இது சின்னக் குறைதான். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: நடந்தது நடந்தபடி உள்ளே விழுந்துவிட்டது என்ற எண்ணத்தை 'பதிவு' உண்டாக்குகிறது. வேலை அப்படி நடப்பதில்லை.

ஒளியைப் பாருங்கள். மேடை ஒளியமைப்பு கண்ணுக்காகச் செய்யப்படுவது. இருட்டில் பழகிய கண், ஃபாலோ ஸ்பாட்டில், அதாவது நடிகரைப் பின்தொடரும் வட்ட ஒளியில், நிற்கும் நாயகியின் முகத்தையும் பின்னால் அரையிருளில் நிற்கும் குழுவையும் ஒருசேரப் பார்த்துவிடும். கேமராவுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெளிச்ச வேறுபாடு அதிகம். முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால் குழு கறுப்பில் மூழ்கும். குழுவுக்கு வைத்தால் முகம் வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் படப்பிடிப்பு நாளில் ஃபாலோ ஸ்பாட்டின் வெளிச்சத்தைக் குறைத்து, பின்புறத்தில் நிரப்பொளி சேர்க்கிறார்கள். அடர்நீல எல்இடி இன்னொரு தொல்லை. கேமராவின் நீலச் சேனல் மட்டும் நிறைந்து வழிந்துவிடும். முகத்தில் கன்னமும் மூக்கும் பிரிந்து தெரியாமல் ஒரே நீலப் பூச்சாகிவிடும். படமெடுத்த பிறகு நிறம் திருத்தும் கலர் கிரேடிங்கில் இதைத் திரும்ப எடுக்க முடியாது. அரங்கிலேயே அந்த நீலத்தைக் குறைத்துக் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். எல்இடி விளக்குகள் மங்கலாக எரியும்போது உண்மையில் அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வேகமும் ஷட்டர் வேகமும் பொருந்தாவிட்டால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடும். அன்று டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் இவற்றில் எதையும் கவனிக்க மாட்டார்.

ஆக, கேமராவுக்காக நிகழ்ச்சியே கொஞ்சம் மாற்றி அமைக்கப்படுகிறது. ஹாமில்டன் இசைநாடகத்தை 2016 ஜூனில் நியூயார்க் ரிச்சர்ட் ராஜர்ஸ் தியேட்டரில் எடுத்தார்கள். பார்வையாளர் இருந்த 2 காட்சிகளை எடுத்தார்கள்; அவற்றுக்கு நடுவே ஆளில்லாத அரங்கில் சில பாடல்களை மட்டும் கிரேன், ஸ்டெடிகேம் (ஆள் சுமந்து நடந்தாலும் ஆடாத கேமரா) கொண்டு தனியாகவும் எடுத்தார்கள். 2020 ஜூலை 3 அன்று வெளிவந்தது இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்தது. திரையில் நாம் பார்க்கும் அந்த ஒரு மாலை எந்த நாளிலும் நடக்கவில்லை. இதைப் 'பதிவு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்பழகன்

---

அனுப்புநர்: தர்சினி

அன்பின் கயல்விழி, அன்பழகன்,

ஈழத்தில் அரங்கியல் எழுதுபவர்கள் பெர்ஃபார்மன்ஸை 'ஆற்றுகை' என்பார்கள்; 'அளிக்கை' என்றும் எழுதுவதுண்டு. ஆகவே 'ஆற்றுகைப்படம்' என்று ஒன்றை முன்வைக்கிறேன். மேடை என்பது வெறும் பலகை. ஆற்றுகை என்றால் அதில் நடந்தது.

சொல்லைத் தீர்மானிக்க முதல், பார்ப்பவருக்கு எது மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரங்கில் கண் எங்கே போக வேண்டும் என்று நெறியாளர் ஒளியாலும் அசைவாலும் தூண்டலாம், கட்டளையிட முடியாது. நாயகன் பாடும்போது இடது மூலையில் நிற்கும் குழுப் பெண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். படத்தில் அந்தப் பெண் சட்டகத்துக்குள் இல்லையென்றால் அவள் இல்லவே இல்லை. நடன அமைப்புக்கு இது பெரிய இழப்பு. 16 பேர் ஒரே நேரத்தில் திரும்புவதில்தான் அந்த அசைவின் வலு இருக்கிறது. 2 பேரின் தோளும் தலையும் மட்டும் காட்டினால் யாரோ கையை வீசுகிறார்கள் என்றுதான் தெரியும்.

முழு மேடையையும் எப்போதும் காட்டினால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் பாருங்கள். பார்வையாளரை நோக்கிய மேடைத் திறப்பு 12 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 16:9 திரைக்கு அது ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். அதில் 1.7 மீட்டர் உயரமான நடிகர் சட்டகத்தின் காற்பங்குதான் இருப்பார். 60 செ.மீ. உயரமான தொலைக்காட்சித் திரையில் அவர் 15 செ.மீ.கூட வரமாட்டார். 7 செ.மீ. உயரமான கைபேசித் திரையில் 1.7 செ.மீ. முகம் பயறளவு. கடைசி வரிசைக்கும் முகம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் அங்கே முழு உடம்பும், குரலும், சுற்றியிருக்கும் சனமும் அந்தக் குறையை நிரப்புகின்றன. படத்தில் அதை நிரப்ப அண்மைக்காட்சியைத் தவிர வேறு வழியில்லை. அண்மைக்காட்சி வந்தவுடன், கடைசி வரிசைவரை எட்டவேண்டும் என்று விரித்த கண்ணும் வாயும் மிகைநடிப்பாகத் தெரியும். அனுபவமுள்ள நடிகர்கள் கமரா நாளில் முகத்தை மட்டும் சற்று அடக்கி, உடம்பை அப்படியே விடுவார்கள்.

அதற்காக, படத்தில் இழப்பு மட்டும்தான் என்றும் சொல்லமாட்டேன். ஹாமில்டன் மேடையில் ஒன்றுக்குள் ஒன்றாக 2 சுழல்தட்டுகள் இருக்கின்றன. கீழ்த்தள இருக்கையிலிருந்து நடிகர்கள் நகர்வது தெரியும், தட்டுகள் போடும் வட்டம் தெரியாது. படத்தில் நேர்மேலேயிருந்து எடுத்த காட்சிகளில் அந்த வட்டம் முழுதாகத் தெரிகிறது.

தர்சினி

---

அனுப்புநர்: சேந்தன்

தர்சினி சொன்ன 'ஆற்றுகைப்படம்' பொருளில் சரி. ஆனால் தமிழகத்தில் 'ஆற்றுகை' பொது வாசகருக்குப் பழக்கமில்லை. அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். அதில் இருக்கும் 'படம்' மட்டும் எனக்கு வேண்டும். என் முன்மொழிவு: மேடைப்படம்.

ஏன் 'படம்' என்பதற்குத் தொகுப்பு மேசையிலிருந்து ஒரு காரணம். இரண்டு வெவ்வேறு நாள் காட்சிகளை ஒட்டுவது எப்போதும் முடியாது. இசைக்குழு காதில் கிளிக் டிராக் (தாள வேகத்தைச் சொல்லும் டிக் டிக் ஒலி) கேட்டு வாசிக்கும் பாடல் எந்த நாளிலும் ஒரே வேகம். செவ்வாய்க்கிழமை முகத்தை ஞாயிற்றுக்கிழமைக் குரலில் ஒட்டினால் உதடு பொருந்தும். இசைக்குழு நடத்துநர் கையசைவில் மட்டும் ஓடும் பாடலில் அது நடக்காது. 4 நிமிடப் பாடல் 2 சதவீதம் வேகமாகப் போனாலே முடிவில் சுமார் 5 விநாடி விலகிவிடும். ஒரு சொற்றொடருக்குள் வெட்ட முடியாமல், மூச்சு விடும் இடம் பார்த்து வெட்ட வேண்டிவரும். ஒலியும் அதே நாளிலிருந்து வர வேண்டும். அதனால் இப்படிப்பட்ட பாடல்களில் ஒரு நாளை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்ற நாளிலிருந்து உதடு தெரியாத கோணங்களை மட்டும் எடுப்பார்கள்.

சிரிப்புக்கும் இதே சிக்கல் உண்டு. நகைச்சுவை வரிக்குப் பிறகு நடிகர் சிரிப்பு அடங்கும்வரை நிற்பார். அரங்கில் அந்த 4 விநாடி உயிரோடு இருக்கும், ஏனென்றால் சிரிப்பது நாமேதான். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு நடிகர் வசனம் மறந்து நிற்பதாகத் தோன்றும். அங்கே பார்வையாளர் மைக்கைச் சற்று உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வேறு கோணத்துக்குத் தாவி ஒன்றரை விநாடியை நறுக்க வேண்டும்.

இப்படி முடிவெடுத்துச் செய்ததற்குப் பெயர் படம்தான்.

சேந்தன்

---

அனுப்புநர்: கயல்விழி

> என் முன்மொழிவு: மேடைப்படம்.

பிடித்திருக்கிறது. அரங்கப்பதிவைத் திரும்பப் பெறுகிறேன். சில இடக்கான எடுத்துக்காட்டுகளில் சொல் தாங்குகிறதா என்று பார்ப்போம்.

ஒன்று: கேட்ஸ். 1997-ல் லண்டன் அடெல்ஃபி தியேட்டரில் பார்வையாளரே இல்லாமல் எடுத்து 1998-ல் வீடியோவாக வெளியிட்டார்கள். கைதட்டல் இல்லை, ஆனால் நடித்தது மேடையில்தான். 'நேரடி' என்ற சொல் இதில் பொய்யாகிவிடும், மேடைப்படம் பொருந்துகிறது.

அடுத்தது ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா. 2011 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த 25-ஆம் ஆண்டு விழாக் காட்சி திரையரங்குகளுக்கு நேரலையாகப் போனது, பிறகு டிவிடியாகவும் வந்தது. அன்று திரையரங்கில் பார்த்தவர் பார்த்தது என்ன? அதையும் மேடைப்படம் என்பதா?

பிறகு, நாடகக் குழுக்கள் தங்கள் ஆவணத்துக்காகப் பின்வரிசையில் ஒரே கேமரா வைத்து எடுப்பது. இதை மேடைப்பதிவு என்று பிரித்துவிடலாமா? ஒரு கேமரா என்றால் பதிவு, பல கேமரா என்றால் படம்.

---

அனுப்புநர்: அன்பழகன்

> ஒரு கேமரா என்றால் பதிவு, பல கேமரா என்றால் படம்.

கேமரா எண்ணிக்கையை எல்லையாக வைக்க வேண்டாம். நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில், லிங்கன் சென்டரில், 1970-ல் தொடங்கிய நாடக ஒளிப்பதிவுக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களால் எடுத்தவையும் உண்டு. ஆனால் ஆய்வுக்காக அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான்; நகல் வெளியே போகாது. கலைஞர் சங்கங்களும் உரிமையாளர்களும் அந்த நிபந்தனையின் பேரில்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆக எல்லைக்கோடு நோக்கத்தில் இருக்கிறது: ஆவணத்துக்காக எடுத்தது மேடைப்பதிவு, வெளியீட்டுக்கென்று எடுத்துத் தொகுத்தது மேடைப்படம். ஒலியும் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

ஆவணப் பதிவில் பெரும்பாலும் அரங்கின் ஒலிக்கலவைக் கருவியான மிக்ஸரிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒலியே போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒலி அரங்குக்காகக் கலந்தது. டிரம்ஸ் நேராகவே காதுக்குக் கேட்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பதிவில் கேட்டால் டிரம்ஸ் தொலைந்துபோயிருக்கும். மேடைப்படத்துக்கு ஒவ்வொரு மைக்கையும் தனி டிராக்கில் எடுக்க வேண்டும். நடிகரின் மைக் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் இருக்கும். வியர்வை அதன் துளையை அடைத்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும், அந்த வரியை வேறு காட்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருவர் நெருங்கி நின்று பாடும்போது ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் சிறு நேர வேறுபாட்டோடு விழுந்து, குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அதற்காகத்தான் அரங்கில் ஒலி கலப்பவர் வரிக்கு வரி ஃபேடரை (மைக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) ஏற்றி இறக்குகிறார். தொகுப்பில் அந்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.

பார்வையாளர் மைக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி மைக் தொங்கினால் ஒலி அங்கே போய்ச்சேர 73 மில்லி விநாடி ஆகும். 25 ஃபிரேம் வேகத்தில் ஏறக்குறைய 2 ஃபிரேம். அந்த டிராக்கை முன்னுக்கு நகர்த்தாமல் கலந்தால் பாட்டெல்லாம் எதிரொலிக்கும். உடனே எதிரொலி போகட்டும் என்று பார்வையாளர் மைக்கையே அணைத்துவிடுவார்கள். படம் ஸ்டுடியோவில் எடுத்தது போல வறண்டுவிடும்.

ஃபேண்டம் கேள்விக்கு: நேரலையில் வெட்டு அந்தக் கணத்திலேயே நடக்கிறது, திருத்த வழியில்லை. 2006 டிசம்பர் 30-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா தி மேஜிக் ஃப்ளூட் என்ற ஆபராவோடு தொடங்கிய திரையரங்கு நேரலை, 2009 ஜூனில் லண்டன் நேஷனல் தியேட்டர் தொடங்கிய திரையரங்கு நேரலை எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு 'அரங்க நேரலை' போதும். அதையே பிறகு தொகுத்து விற்றால் மேடைப்படம்.

அன்பழகன்

---

அனுப்புநர்: தர்சினி

மேடைப்படத்துக்கு நானும் சம்மதம். ஒரு நிபந்தனை: 'நேர் ஆற்றுகை' என்ற சொல்லை இழக்க வேண்டாம். படத்தோடு ஒப்பிடும்போது மறுபக்கத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். 'லைவ்' என்பதற்கு நேரலை என்று எழுதினால் ஒளிபரப்பையே குறிக்கும். 'மேடை நாடகம்' என்றால் அது கலைவடிவத்தின் பெயர். அரங்கில் உடனிருந்து பார்ப்பதைச் சொல்ல நேர் ஆற்றுகை, தமிழக வழக்கில் நேர்நிகழ்த்துகை. இரண்டையும் பட்டியலில் கொடுக்கலாம்.

பார்வையாளர் ஒளித்துக் கைபேசியில் எடுப்பதற்குக் 'கள்ளப்பதிவு' என்று போடுங்கள். புரோஷாட் என்ற பெயரிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது: தொழில்முறையில், உரிமையோடு எடுத்தது. நம் விளக்கத்திலும் 'உரிமையாளர் ஒப்புதலோடு' என்ற சொற்கள் வரவேண்டும்.

தர்சினி

---

அனுப்புநர்: கயல்விழி

வரைவு இது. மாற்றம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

மேடைப்படம்: மேடையில் முழுமையாக நடிக்கப்பட்ட நாடகத்தை, அதன் மேடையாக்கத்தை மாற்றாமல், உரிமையாளர் ஒப்புதலோடு, வெளியீட்டுக்கென்றே படம்பிடித்துத் தொகுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகளிலிருந்து தொகுத்திருக்கலாம். பார்வையாளர் இல்லாமலும் எடுத்திருக்கலாம். காண்க: மேடைப்பதிவு, அரங்க நேரலை, நேர் ஆற்றுகை, நேர்நிகழ்த்துகை, கள்ளப்பதிவு.

---

அனுப்புநர்: சேந்தன்

வரைவு சரி. இரண்டு திருத்தம்.

'மேடையாக்கத்தை மாற்றாமல்' என்பதை 'மேடையாக்கத்தின் அமைப்பை மாற்றாமல்' என்று போடுங்கள். ஒளியைக் கேமராவுக்காகத் திருத்துவார்கள் என்று அன்பழகன் விளக்கியிருக்கிறார். இப்போதுள்ள வாசகம் அதற்கு முரணாகும்.

இன்னொன்று, தலைச்சொல்லை இடைவெளி விடாமல் எழுத வேண்டும் என்று குறிப்பிடுங்கள். 'மேடைப் படம்' என்று பிரித்தால் மேடையின் புகைப்படம், அல்லது அரங்க அமைப்பாளரின் வரைபடம் என்று படிக்க இடமிருக்கிறது. தேடலிலும் இரண்டும் வேறுவேறாக விழும்.