டிஜிட்டலில் சரியாக வரும் முகம், ஃபிலிமில் மட்டும் கருத்துப்போகிறது: தப்பு எங்கே?

திண்ணைவெயில்:
வணக்கம். போர்ட்ரெய்ட் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நிக்கான் டி5600 டிஜிட்டல் கேமரா, 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் இருக்கிறது. மாமா வீட்டுப் பரணில் கிடந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா ஒன்றும் கைக்கு வந்தது. அதில் 50 எம்எம் எஃப்/2. ஷட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. அதனால் டிஜிட்டலையே மீட்டராக வைத்துக்கொள்கிறேன். டி5600-ல் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200 வைத்து ஒன்று எடுத்து, ஸ்கிரீனில் பார்த்துத் திருப்தியானதும் அதே அப்பர்ச்சர் (லென்ஸ் துளை அளவு), அதே ஷட்டர் வேகத்தில் கே1000-ல் ஒன்று. ஃபிலிம் கோடக் கோல்டு 200.

ஊரில் அய்யாவையும் அப்பத்தாவையும் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். அய்யா வெள்ளை வேட்டி சட்டை, அப்பத்தா வெள்ளைச் சேலை. இரண்டு பேரும் நல்ல கருப்பு. எஃப்/4, 1/250. டிஜிட்டல் படங்கள் அருமை. ஃபிலிம் ஸ்கேனில் சட்டை மட்டும் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. முகம் சேறு பூசியது போல இருக்கிறது. நிழலில் பச்சை அடிக்கிறது, கிரெய்னும் (புள்ளி புள்ளியான சொரசொரப்பு) அதிகம். அதே ரோலில் தெரு வெயிலில் எடுத்தவை சுத்தமாக வந்திருக்கின்றன. லேப் தப்பா, ஃபிலிம் பழசா, கேமராவா?

இன்னொன்று: டிஜிட்டலில் எஃப்/1.8 வைத்துக் கிட்டப்போய் எடுத்தால் காது ஷார்ப்பாக இருக்கிறது, கண் மசமசவென்று இருக்கிறது.

ரோல்36:
லேப் ஸ்கேன்தான் ப்ரோ, கண்ணை மூடிட்டுச் சொல்றேன். ஆட்டோல ஓட்டி அனுப்பிடுறாங்க. ரீஸ்கேன் கேளுங்க. இல்லேன்னா அடுத்த தடவை போர்ட்ரா 400 ஃபிலிம் போடுங்க, ஸ்கின் டோன் வேற லெவல்.

பழைய ஸ்டுடியோ:
தம்பி, காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி நெகட்டிவை (கழுவின ஃபிலிம், வெளிச்சம் பட்ட இடம் அதுல கருப்பா இருக்கும்) கையில எடுங்க. ஸ்கேனைப் பார்த்து யாரும் வைத்தியம் சொல்ல முடியாது. ஜன்னல்கிட்ட, இல்லேன்னா போன்ல வெள்ளை ஸ்கிரீன் வச்சு அதுமேல பிடிச்சுப் பாருங்க. ஓரத்துல ஃபிலிம் பேரும் நம்பரும் இருக்கும். அது கம்பெனியிலேயே பதிச்சு வர்றது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்த எழுத்து நல்லா அழுத்தமா இருந்தா லேப் ஒழுங்காத்தான் கழுவியிருக்கு. எழுத்தே வெளிறிக் கிடந்தா கழுவினதுல கோளாறு. எழுத்து அழுத்தமா இருந்து படம் மட்டும் மெலிசா இருந்தா, உள்ளே போன வெளிச்சமே பத்தல.

ஊட்டியில ‘இந்து’ ஃபிலிம் செஞ்ச காலத்துல இருந்து இதே பரிசோதனைதான். அப்பல்லாம் முகத்துல பென்சில் பிடிச்சு நெகட்டிவ்லயே டச்சப் பண்ணுவோம். மெலிசான நெகட்டிவ் வந்தா பென்சிலைக் கீழ வச்சிட்டு ஆளைத் திரும்ப வரச் சொல்றதுதான்.

திண்ணைவெயில்:
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. ஓர எழுத்து பளிச்சென்று இருக்கிறது. தெருவில் எடுத்த ஃபிரேம்களும் நல்ல அழுத்தம். திண்ணை ஃபிரேம்களில் சட்டை இருக்கும் இடம் மட்டும் கருப்பு, முகம் இருக்கும் இடம் கிட்டத்தட்ட வெறும் ஆரஞ்சு ஃபிலிம்தான்.

பழைய ஸ்டுடியோ:
அப்போ லேப்பைத் திட்ட வேண்டாம். தெருப் படம் சரியா இருக்குன்னா ஃபிலிமும் ஷட்டரும்கூட தப்பிச்சுது. மிச்சம் இருக்கிறது நீங்க அளவு எடுக்கிற விதம்தான்.

கருப்புவெள்ளை:
டி5600-ல ஆட்டோ ஐ.எஸ்.ஓ. ஆஃப்ல இருக்கா? அது ஆன்ல இருந்தா நீங்க 200-னு நினைச்சிருப்பீங்க, கேமரா 800-க்குப் போயிருக்கும். நிழலைத் தூக்கிக் காட்டுற ஆக்டிவ் டி-லைட்டிங் போட்டிருக்கீங்களா? 1/250-ஐ எப்படி முடிவு பண்ணினீங்க?

திண்ணைவெயில்:
ஆட்டோ ஐ.எஸ்.ஓ. ஆஃப்தான் அக்கா. டி-லைட்டிங் ஆன். முதலில் 1/60-ல் எடுத்தேன். வெள்ளைச் சட்டை ஸ்கிரீனில் மின்னி மின்னி எச்சரித்தது. அது நிற்கும் வரை ஷட்டரை ஏற்றினேன். முகம் கொஞ்சம் இருட்டாக இருந்ததை ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) நிழல் பகுதியை ஏற்றிச் சரிசெய்துகொண்டேன்.

கருப்புவெள்ளை:
விஷயம் இதுதான். டிஜிட்டல் சென்சார்ல வெள்ளை வெடிச்சா போச்சு, திரும்ப வராது. இருட்டுல மட்டும் நிறைய ஒளிஞ்சிருக்கும், பிறகு தூக்கிக்கலாம். அதனால சட்டையைக் காப்பாத்தினது டிஜிட்டலுக்குச் சரியான முடிவு. கலர் நெகட்டிவ் நேர் எதிர். வெளிச்சம் கூடினா தாங்கும், கோல்டு 200 ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூடப் போனாலும் முகம் சுளிக்காது. குறைஞ்சா நிழல்ல எதுவுமே பதியாது. பதியாத இடத்தை ஸ்கேனர் இழுத்துப் பார்க்கும்போதுதான் இந்தப் பச்சையும் கிரெய்னும்.

1/60-லிருந்து 1/250-ன்னா ரெண்டு ஸ்டாப். சட்டைக்காக முகத்துலேருந்து அதை எடுத்துட்டீங்க. டிஜிட்டல்ல அதை ரா ஃபைல் திருப்பிக் கொடுத்துடுச்சு. டி-லைட்டிங்கும் ஸ்கிரீன்ல தெரியிற ஜேபெக்ல நிழலைத் தூக்கிக் காட்டியிருக்கும். ஃபிலிமுக்கு அந்த வசதி கிடையாது.

இனிமே ஒரே இடத்துல ரெண்டு அளவு எடுங்க. ஃபிலிமுக்கு: ஸ்பாட் மீட்டர் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற முறை), டி-லைட்டிங் ஆஃப், முகத்துல நிழல் விழுற பக்கம் வச்சுப் படிங்க. மீட்டருக்கு ஆள் கருப்பா சிவப்பான்னு தெரியாது, எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கருத்த முகத்தைக் காட்டினா கொஞ்சம் அதிகமா வெளிச்சம் கொடுக்கச் சொல்லும். நெகட்டிவுக்கு அது நல்லதுதான், அப்படியே எடுத்துக்கோங்க. முகத்துக்கிட்ட போக முடியாத இடத்துல உங்க உள்ளங்கையை அதே வெளிச்சத்துல நீட்டிப் படிச்சு ஒரு ஸ்டாப் கூட்டுங்க. நாம எவ்வளவு கருப்பா இருந்தாலும் உள்ளங்கை வெளிர்தானே. ஸ்கிரீன்ல சட்டை மின்னுதேன்னு பதறாதீங்க, அது சென்சாரோட கவலை.

அந்தத் திண்ணையில 1/60 வரும்னா எஃப்/4, 1/60. கை நடுங்கினா எஃப்/2.8, 1/125.

ரோல்36:
சரி, லேப்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஆனா போர்ட்ரா 400 ஐடியாவை விடமாட்டேன். திண்ணை வெளிச்சத்துக்கு ஒரு ஸ்டாப் கூட இருக்கிறது உதவிதான்.

பழைய ஸ்டுடியோ:
விலையைப் பார்த்துட்டுப் பேசுங்க தம்பி. பழகுற புள்ளைக்கு கோல்டு போதும்.

திண்ணைவெயில், அந்த கே1000-ஐயும் விட்டுடாதீங்க. அடியில பேட்டரி மூடியைக் கழட்டிப் பாருங்க. எல்.ஆர்.44 தான், கடிகாரக் கடையில கிடைக்கும். அந்த கேமராவுல மீட்டருக்கு ஸ்விட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டாத்தான் ஓயும். மூடியில்லாம பரண்ல கிடந்தா பேட்டரி எப்பவோ செத்திருக்கும். உள்ள பச்சை பூத்திருந்தா எலுமிச்சைச்சாறு தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய வச்சுப் போடுங்க. ஆனா அந்த மீட்டரும் மொத்த ஃபிரேமையும் சேர்த்துத்தான் படிக்கும். வெள்ளை வேட்டி முழுசா உள்ள இருந்தா அதுவும் ஏமாறும். கிட்டப்போய் முகத்தை மட்டும் படிச்சுட்டுப் பின்னால வாங்க.

கருப்புவெள்ளை:
காது ஷார்ப் விஷயம்: டி5600-ல 50 எம்எம் எஃப்/1.8, ஒரு மீட்டர் தூரம்னா ஷார்ப்பா விழுற ஆழம் சுமார் 3 செ.மீ. கண்ணுக்கும் காதுக்கும் அதைவிட இடைவெளி இருக்கு. நடுப்புள்ளியில ஃபோகஸ் பிடிச்சுட்டு ஃபிரேமைத் திருப்புறீங்களா? அந்தத் திருப்பல்லயே 3 செ.மீ. போயிடும். புள்ளியைக் கேமரா பக்கமா இருக்கிற கண்ணுமேல நகர்த்தி வைங்க, எஃப்/2.8-க்கு மூடுங்க. உட்கார்ந்திருக்கிற வயசானவங்க லேசா முன்னும் பின்னும் ஆடுவாங்க, அவங்களுக்கு எஃப்/4.

திண்ணைவெயில்:
நன்றி அக்கா, அண்ணாச்சி. பேட்டரி மாற்றினேன், முள் எழுந்துவிட்டது! கடைசிக் கேள்வி: கே1000-ல் இன்னொரு ரோல் பாதி ஓடியிருக்கிறது. அந்தப் பாதியும் பழைய அளவில் எடுத்ததுதான். லேப்பில் ரெண்டு ஸ்டாப் புஷ் பண்ண (கழுவும் நேரத்தைக் கூட்ட) சொல்லலாமா?

ரோல்36:
நான் எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிமை 1600-க்கு புஷ் பண்ணியிருக்கேன், நல்லாத்தான் வந்துச்சு.

கருப்புவெள்ளை:
கருப்பு வெள்ளையில அந்தக் கான்ட்ராஸ்ட் ஒரு ஸ்டைலா ஓடிடும். அங்கேயும் நிழல்ல பதியாதது பதியாததுதான். கலர்ல புஷ் பண்ணினா சட்டை இன்னும் அழுத்தமாகும், முகத்துக்குப் பெரிசா ஒண்ணும் கிடைக்காது. நிறமும் கோணும்.

பழைய ஸ்டுடியோ:
அதுபோக ஒரு ரோல்னா முழுசும் ஒண்ணாத்தான் கழுவுவாங்க. இனி சரியா எடுக்கப்போற பாதியும் சேர்ந்து கெடும். மிச்ச ஃபிரேமை முகத்துக்கு அளந்து எடுங்க, நார்மலாவே கழுவச் சொல்லுங்க. அய்யாவையும் அப்பத்தாவையும் அதே ரோல்ல இன்னொரு தடவை உட்கார வைங்க. பழைய அளவு, புது அளவு ரெண்டு நெகட்டிவும் ஒரே பட்டையில பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்.