பண்டிகைக் கதைகளில் வரும் வீடும் நம்முடைய காம்பராவும்

பொகவந்தலாவை வாசகி (கேள்வி):

வணக்கம். தோட்டப் பாடசாலை ஆசிரியைகள் சிலரும் அயலில் உள்ள பெண்கள் சிலருமாக நாங்கள் அறுவர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடி ஒரு நூலை உரக்க வாசித்துப் பேசி வருகிறோம். இந்தத் தீபாவளிக்காக நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து வந்தோம். தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் ஆகிய நாள்களைச் சுற்றி எழுதப்பட்ட பன்னிரண்டு கதைகள் அதில் உள்ளன. எல்லாக் கதைகளுக்கும் பொதுவான பொருள் வீடு. நூலின் பெயரை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனெனில் என் கேள்வி அந்த ஒரு நூலோடு முடிந்துவிடுவதில்லை.

பெரும்பாலான கதைகளில் வெளியூருக்குப் போன மகனோ மகளோ பண்டிகைக்கு முதல்நாள் மாலை வந்து சேர்கிறார்கள், வாசலில் தாய் காத்திருக்கிறார், பழைய மனத்தாங்கல் ஒன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கரைந்துவிடுகிறது. வாசிக்கும்போது நாங்கள் அழுதோம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஏழாவது கதையில் ஒரு சிக்கல் எழுந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு ஒன்றை விற்பதற்கு முன், உடன்பிறந்தவர்கள் நால்வரும் அங்கே கடைசியாக ஒரு பொங்கலைக் கொண்டாடுகிறார்கள். காணி உறுதிப் பத்திரம் மேசைமேல் இருக்க, ஆளுக்கொரு நினைவைச் சொல்லிக் கலங்குகிறார்கள். எங்கள் குழுவில் முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, கேட்பதற்காகவே வருவார். அவர் நிதானமாகக் கேட்டார்: "உறுதி கையில இருக்குதே, பொறகு எதுக்கு இந்த அழுகை?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பிறந்ததும், மணமுடித்து வந்ததும், பிள்ளை பெற்றதும் லயக் காம்பராக்களில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறைகளில்தான். அவற்றில் ஒன்றுக்கேனும் அவர் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இருந்ததில்லை. இத்தகைய கதைகளை நாங்கள் அடுத்த வீட்டு யன்னல் வழியே பார்ப்பவர்களாக வாசிப்பதா, அல்லது அந்த வீட்டின் இடத்தில் எங்கள் காம்பராவை வைத்து வாசிப்பதா? உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், அந்த அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் தேட வேண்டாம். அதற்கு முன் ஒரு சொல்லைக் கவனியுங்கள். என் பாட்டனாரின் தலைமுறையினர் தாம் வாழ்ந்த இடத்தைத் தோட்டம் என்றார்கள், படுத்துறங்கிய இடத்தைக் காம்பரா என்றார்கள், ஊர் என்ற சொல்லை மட்டும் தாம் கண்ணால் கண்டிராத தமிழகத்துக் கிராமத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். "ஊருக்குப் போகணும்" என்பது நெடுங்காலம் வெறும் பேச்சாகவே இருந்தது. 1964 இல், நாடற்றிருந்த தோட்டத் தமிழர்களைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதுதான் அந்தப் பேச்சு ஒரு பயணச்சீட்டாக மாறியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய ஏறத்தாழ 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்று மனிதர்களை எண்ணிப் பங்கிட்டார்கள். பத்து வருடங்களுக்குப் பின், 1974 இல், அந்த எஞ்சியவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

தலைமன்னாருக்குப் போகும் ரயில் கோச்சியில் ஏறி, இராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில், மீண்டும் தேயிலைக் காட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சிலோன்காரர்கள். அதாவது, ஊருக்குத் திரும்பியவர்களை அந்த ஊரே வந்தவர்கள் என்று அழைத்தது. வீடு திரும்புதல் என்று ஒரு கதை சொன்னால், எந்தத் திசையில் என்று என் மனம் தானாகக் கேட்பது இதனால்தான்.

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை உங்கள் குழு அறிந்திருக்கும். அவர் பிறந்தது வேறு தோட்டத்தில். தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டார். 1979 இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் பாட்டில் அது "நாமிருக்கும் நாடு நமது" என்று உறுதியாக நீளும் வரி. ஜோசப் 'நமது' என்ற சொல் வருவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அவர் அப்படி எண்ணித்தான் வைத்தாரா என்பது வேறு விடயம், ஆசிரியர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. பண்டிகைத் தொகுப்பை வாசிக்கும் அதே வாரத்தில் அந்நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா, இப்போது கொழும்பில்:

நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தீபாவளிக்கு முதல்நாள் இரவு கடை பூட்டிய பிறகுதான் எங்களை விடுவார்கள். நின்றபடியே பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் சந்தியில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறும்போது, எங்கள் லயத்தின் புகை தெரியும். எனவே வாசலில் தாய் காத்திருக்கும் கதைகளைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது. அது எனக்கு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

ஆனால் அந்தக் கதைகளில் எவரும் விலை கேட்பதில்லை. என் அம்மா வருடந்தோறும் தோட்டத்தில் தீபாவளி முற்பணம் வாங்குவார். நான் பணம் அனுப்பினாலும் வாங்குவார். எனக்குச் சட்டைத்துணியும் தங்கைக்குப் பாவாடையும் தம் கையால் வாங்கினால்தான் அவருக்குப் பண்டிகை. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் அது கழிபடும். கொழுந்து குறைந்த மாதத்தில், நிறை போதாமல் அரைநாள் சம்பளமே பதியும் அரைப்பேர் விழுந்த நாள்களும் சேர்ந்துகொண்டால், கையில் வருவதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. கதை பலகாரத்தோடும் விளக்கோடும் முடிந்துவிடுகிறது. அம்மா மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விடியற்காலையில் பிரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் வரிசைக்கு, போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு கதையையும் வாசித்து முடித்த பின், மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். சில கதைகள் அதைத் தாங்கும், சில தாங்கா.

இன்னொன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது எங்கள் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்து வரும். திரும்பிப் போக முடியாத வீட்டைப் பற்றி அந்தத் தொகுப்பில் கதை இருக்கிறதா?

தலவாக்கலை நூல் விரும்பி:

எனக்கு இதில் சிறிது மாறுபாடு உண்டு. ஒவ்வொரு கதையையும் விசாரணைக் கூண்டில் ஏற்றினால் வாசிப்பில் மிஞ்சுவது வழக்கு மட்டுமே. பன்னிரண்டையும் பண்டிகை வாரத்தில் அடுக்கி வாசித்தால் சலிப்பும் வரலாம். ஒரே அச்சில் வார்த்த முடிவுகள் அருகருகே வரும்போது கண் அச்சைத்தான் பார்க்கும். கூட்டத்துக்கு இரண்டு கதைகள் வீதம், தீபாவளியில் தொடங்கித் தைப்பொங்கல் வரை கொண்டு செல்லுங்கள். நத்தார்க் கதைகளைத் திசம்பர்க் குளிரில் வாசிப்பதற்கு ஒரு தனிச்சுவை உண்டு.

கொஸ்லாந்தைப் பக்கம்:

மறுநாள் பற்றி எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. 2014 இல் தீபாவளி ஒக்டோபர் 22 ஆம் திகதி வந்தது. சரியாக ஒரு வாரத்தில், 29 ஆம் திகதி காலை, எங்கள் பக்கத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. பண்டிகைக்காக வெள்ளையடித்த சுவர்கள் அவற்றில் இருந்திருக்கும். அன்றிலிருந்து பண்டிகைக் கதைகளில் மழை வரும் பக்கத்தை என்னால் அமைதியாக வாசிக்க முடிவதில்லை. இதற்குமேல் எழுதவில்லை.

பொகவந்தலாவை வாசகி:

அனைவருக்கும் நன்றி. சேர், 'நாமிருக்கும் நாடே' தொகுப்பைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். மஸ்கெலியாச் சகோதரர் கேட்டது போல, திரும்ப முடியாத வீட்டைப் பற்றி ஒரு கதை உண்டு, ஆனால் அது நீரில் மூழ்கிய வீடன்று, வழக்கில் மூழ்கிய வீடு.

சென்ற ஞாயிறு ஏழாவது கதையை மீண்டும் வாசித்தோம். மறுநாள் காலையைச் சொல்லிப் பார்க்கும் முறை அந்த அம்மாவின் வசம் வந்தது. அவர் மறுநாளுக்குப் போகவேயில்லை. "நாலு பேரும் உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்களே, பொங்கல் வச்சது யாரு?" என்று கேட்டார். நாங்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். அடுப்படியில் ஒரு கிழவி இருக்கிறார். அவருக்கு இரண்டே வரிகள். பத்து வயதில் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து வீட்டு வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டவர் என்பது முதல் வரி. பொங்கலைப் படைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார் என்பது இரண்டாவது. வீடு விற்ற பிறகு அவர் எங்கே போவார் என்பதை உடன்பிறந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. முதல் வாசிப்பில் நாங்கள் அறுவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வேறு கதை எடுக்கவில்லை. அந்தக் கிழவியின் பொங்கலை அந்த அம்மா சொல்ல, நான் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.