அமெரிக்கன் ஃபுட்பாலில் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) தலையில் அடி, தப்பாட்டத்துக்கு ரெஃப்ரி வீசும் மஞ்சள் கொடி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கேசி முருகன்:
2019 ஜனவரி, கான்சஸ் சிட்டியில் எங்கள் சீஃப்ஸ் அணியின் ஆரோஹெட் மைதானம், பேட்ரியாட்ஸுடன் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) ஏஎஃப்சி பிரிவின் இறுதி. கடைசி குவாட்டரில் எங்கள் கிறிஸ் ஜோன்ஸ் அவர்களுடைய குவாட்டர்பேக் பிரேடி மேல் பாய்ந்து கையை வீசினார். உடனே கொடி, தலையில் அடித்தாராம். பக்கத்து சீட்காரர் போனில் ஸ்லோமோஷனை ஓடவிட்டு எனக்கு நீட்டினார். கை உரசியது தோளில், ஹெல்மெட்டில் படவே இல்லை. 15 யார்டும் ஃபர்ஸ்ட் டவுனும் (முன்னேற மறுபடி புது வாய்ப்புகள்) அவர்களுக்குச் சும்மா கொடுத்தாயிற்று. ஓவர்டைமில் 37-31 என்று தோற்றோம். அந்த போன் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சார்லட்வாசி:
முருகன் அண்ணே, உங்களுக்கு வராத அடிக்குக் கொடி. எங்களுக்கு வந்த அடிக்கே கொடி இல்லை. 2016 சீசனின் முதல் ஆட்டம், டென்வரில். எங்கள் பேந்தர்ஸ் குவாட்டர்பேக் கேம் நியூட்டன் தலையில் எத்தனை முறை ஹெல்மெட் மோதியது! எங்கள் கடைசித் தாக்குதலில் டென்வரின் ஸ்டூவர்ட் மோதியதற்குக் கொடி விழுந்தது, ஆனால் எங்கள் மேல் இன்ட்டென்ஷனல் கிரவுண்டிங் (சாக்கைத் தவிர்க்கப் பந்தை வீணாக எறிந்த குற்றம்) போட்டு இரண்டையும் ரத்து செய்துவிட்டார்கள். நியூட்டன் கையை ஊன்றி எழும்போது என் மகள், "அவருக்கு வலிக்கலையாப்பா?" என்றாள். ஆள் உயரமாக, பலமாக இருந்தால் அடி உறைக்காது என்று ரெஃப்ரிகள் நினைக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

ஓஹையோ கலா:
நீங்கள் இரண்டு பேரும் ஸ்கோரையே பேசுகிறீர்கள். 2022 செப்டம்பர் 29, சின்சினாட்டி. நான் மைதானத்தில் இருந்தேன். சின்சினாட்டியின் டூபோ சுழற்றிப் போட்டதில் மயாமி குவாட்டர்பேக் டுவாவின் பின்னந்தலை தரையில் மோதியது. விரல்கள் கோணலாக விறைத்து முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றன. அதற்குக் கொடியே இல்லை, விதிப்படி அது சரியான சாக் (பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). நாலு நாள் முன்னால்தான் பஃபலோ ஆட்டத்தில் அவர் தள்ளாடியதை நாடே பார்த்திருந்தது. அக்டோபர் 8 அன்று மூளை அதிர்ச்சி விதிகளைத் திருத்தினார்கள், தள்ளாடினால் திரும்ப இறங்கக் கூடாது என்று. மறுநாளே பிரேடியைச் சாதாரணமாக இழுத்துப் போட்ட கிரேடி ஜாரெட்டுக்குக் கொடி! பயத்தில் விழும் கொடி யாரையும் காப்பாற்றாது.

டெக்சாஸ் அப்பா:
கலா மேடம் சொன்ன அந்த விரல்கள்தான் முக்கியம், மூளைக்கு அடிபட்டதன் அடையாளம் அது. 2024 டிசம்பரில் ஓட்டத்தை முடிக்கச் சறுக்கி உட்கார்ந்த ஜாக்சன்வில் குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸை ஹூஸ்டனின் அல்ஷாயிர் முன்கையால் அடித்தபோதும் கை முறுக்கிக்கொண்டு நின்றது. அல்ஷாயிரை வெளியேற்றினார்கள், அப்புறம் மூன்று ஆட்டத் தடை. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டேன், பையன் பக்கத்தில் இருந்தான்.

பிள்ளைகளை விளையாட விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. பையன் தலையைக் குனிந்து மோதப் பழகினால் அடுத்த பிராக்டிஸுக்கே அனுப்பாதீர்கள், கோச்சிடம் பேசுங்கள். மோதுகிறவனுக்கும் அதில் கழுத்து போகும். அடி வாங்கிய பிறகு தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள், வெளியே உட்கார யாருக்கும் மனசு வராது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்காதீர்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால்தான் பெரிய ஆபத்து. காலேஜ் ஆட்டத்தில் டார்கெட்டிங் விதி (தலையைக் குறிவைத்து மோதுவதற்கு எதிரானது) 2013 முதல் ஆளையே வெளியேற்றுகிறது. ரீப்ளே பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். என்எஃப்எல்லில் அது ஏன் கட்டாயம் இல்லை?

கேசி முருகன்:
சார், அறிவுரை நல்லது, ஆனால் நான் சொன்னது அது இல்லை. கலா மேடம், ஸ்கோருக்காக மட்டும் நான் கோபப்படவில்லை. சந்தேகம் இருந்தால் கொடி வீசு என்று விதிப் புத்தகத்திலேயே ரெஃப்ரிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர், அதாவது தலைமை ரெஃப்ரி, குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்கிறார். முன்னாலிருந்து வரும் கை தோளில் பட்டதா, தலையில் பட்டதா என்று அங்கிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? ஜோன்ஸ் விஷயத்தில் ஒரே ஒரு ரீப்ளே போதும். அதைத்தான் கேட்கிறேன்.

ஓஹையோ கலா:
ரீப்ளே வரட்டும், சரி. டுவாவுக்கு ரீப்ளே பார்த்திருந்தாலும் கொடி வந்திருக்காதே, அண்ணே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?