பேனியர்: 'பக்கப்பை' வேண்டாம், 'பொதிப்பை' ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில் கேரியரின் இருபுறமும் கொக்கியால் மாட்டும் பேனியர் (pannier) என்னும் பையைத் தமிழில் 'பக்கப்பை' எனலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். அச்சொல்லைக் கேட்டதும் கால்சட்டையின் ஓரத்துப் பையோ, முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டி செருகும் இடமோதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை 'பொதிப்பை'. பேனியர் என்ற பெயர், ரொட்டிக்கூடையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து, சுமைவிலங்கின் இருபுறமும் தொங்கிய கூடையைக் குறித்து, அதன் பின்னரே மிதிவண்டிக்கு வந்தது. பொதிமாடும் பொதிகழுதையும் உள்ள தமிழுக்கும் அந்த வழி இயல்பானதே. பெரும்பாணாற்றுப்படை, மிளகு சுமந்து செல்லும் கழுதைச் சாத்தை (வணிகக் கூட்டத்தை) பாடுமிடத்தில் 'புணர்ப்பொறை' என்கிறது. இருபுறமும் எடை ஒத்திருக்கச் சேர்த்த சுமை என்பது பொருள். எவ்வளவு துல்லியமான சொல்! ஆயினும் பொறை என்றால் இன்று பொறுமையே நினைவுக்கு வருவதால், அதை மீட்பதைவிட வழக்கில் உள்ள பொதியைக் கைக்கொள்வதே நல்லது.

அந்த எடையொப்புதான் மிதிவண்டியில் பயணம் செய்பவருக்கும் முதன்மையானது. சென்னைத் தெருக்களில் கேரியரின் இருபுறமும் தண்ணீர்க் குடங்களை மாட்டி வண்டியைத் தள்ளிச் செல்பவர்களைக் கண்டவர்கள், ஒரு குடத்தை இறக்கியதும் வண்டி மறுபுறம் சாய்வதையும் கண்டிருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மிதிப்பவர், மாற்றுடை இரண்டு, உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மழையுறை என்று சுமையைச் சுருக்கிக்கொண்டால் பின்புறத்து இணை ஒன்றே போதும். கனமானவற்றை அடியில் வைத்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து வண்டி நிலையாக ஓடும்; பையைச் சற்றே பின்தள்ளி மாட்டினால் மிதிக்கும்போது குதிகால் இடிக்காது.

'பொதி' என்றே சுருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பொதி என்பது சுமையின் பெயர். கடையில் வெறுமையாகத் தொங்கும் பையைப் பொதி என்பது பொருந்தாது. பொதிப்பை என்றால் முன்பொதிப்பை, பின்பொதிப்பை என்ற பிரிவுகளும் தாமே அமைகின்றன. ஒற்றையாக மாட்டுவோரும் இருப்பதால் 'இணைப்பை' என்பதும் சரிவராது.

கேரியர் எல்லோர் வாயிலும் நிலைத்த சொல். அதற்கு மாற்றுத் தேட வேண்டாம் என்பது என் கருத்து.