புதுப்பிப்பு: பிரென் கேரியரின் ஸ்ப்ரொக்கெட், பல்லை மட்டும் பார்த்தால் போதாது

பிரென் கேரியர் (இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சின்னக் கவச வண்டி, இரும்புச் செயின்மேல் ஓடுவது) பற்றி முன்பு எழுதியதில், பின் ஸ்ப்ரொக்கெட்டின் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பல் கொக்கிபோல வளைந்தால் மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது அரைகுறை. முதலில் செயினை அளக்க வேணும்: இழுத்துப் பிடித்து 10 கண்ணிகளை ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை அளந்து, புதுக் கண்ணிகளோடு ஒப்பிடுங்கள். ஊசியும் துளையும் தேய்ந்தால் கண்ணி இடைவெளி நீண்டு, செயின் பல் நுனியில் ஏறும். புது ஸ்ப்ரொக்கெட்டையும் சீக்கிரம் தின்றுவிடும்.

இரு பக்கமும் ஒரே வார்ப்பென்றால் இடம் வலம் மாற்றிப் போடலாம், தேயாத முகம் வேலைக்கு வரும். கழற்றுமுன் வண்டிக்குக் கட்டை வைத்து, முன் ஐட்லரை (செயினை இழுத்துப் பிடிக்கும் முன்சக்கரம்) தளர்த்துங்கள். திருகோணமலை உப்புக்காற்றில் நட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். முதல்நாளே டீசலில் ஊறவிடுங்கள் (சுத்தியல் பிறகு). போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, கொஞ்சம் ஓட்டியபின் இன்னொருமுறை இறுக்குங்கள்.