கறுப்பின மக்களின் வரலாறு: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

பாலக்கோட்டான்:
தருமபுரியில் தங்கி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி, விருது வாங்கிய வரலாற்று நூல் ஏதாவது சொல்லுங்கள். என் ஆங்கிலம் சுமார்தான்.

ஓசூர் வாசகி:
இசபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்'. 1915 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கு மாநிலங்களை விட்டுக் கிளம்பிய கதையை மூன்று பேரின் வாழ்க்கை வழியாகச் சொல்கிறார், நாவல் மாதிரி ஓடும். பெங்களூருக்கு மூட்டை கட்டாத வீடு நம் பக்கம் இருக்கிறதா என்ன, ஆனால் அவர்கள் போனது கூலிக்காக மட்டுமில்லை, அடித்துக் கொல்லும் கும்பல்களுக்குப் பயந்தும்தான்.

அரூர் அண்ணன்:
தம்பி, அது 600 பக்கத்துக்கு மேல். முதலில் டியா மைல்ஸின் 'ஆல் தட் ஷி கேரீட்' படி, 2021இல் நேஷனல் புக் அவார்ட் வாங்கியது. 9 வயது மகள் ஆஷ்லி விற்கப்பட்டபோது, அடிமையாக இருந்த தாய் ரோஸ் ஒரு பருத்திப் பையில் கிழிந்த கவுன், மூன்று கை பெக்கான் கொட்டை, தன் தலைமுடிப் பின்னல் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். 1921இல் ஆஷ்லியின் பேத்தி ரூத் இதை அந்தப் பையிலேயே நூலால் தைத்து வைத்தாள். அந்தப் பின்னல் வரும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பாலக்கோட்டான்:
சரி அண்ணா, பையிலிருந்தே தொடங்குகிறேன். மாவட்ட நூலகத்தில் கிடைக்குமா?

அரூர் அண்ணன்:
கேட்டுப் பார். இல்லாவிட்டால் என்னுடையதை வாங்கிக்கொள், அட்டை மட்டும் கிழிந்திருக்கும்.